இரண்டாவது புத்தகம் – கடிதமும் பதிலும்

அன்புள்ள ஐயா,

நான் மலேசியாவின் சுங்கை சிப்புட்டில் வீட்டிலிருந்தபடியே பலகாரம் செய்து விற்று வருகிறேன். முறுக்கு, அச்சு முறுக்கு, அதிரசம், நெய் உருண்டை ஆகியவைதான் என் தொழில். ஆறு ஆண்டுகளாக ஒரு சமூக வலைத்தளத்தில் பக்கம் வைத்திருந்தேன். தைப்பிங், ஈப்போ, பினாங்கு வரை வாடிக்கையாளர்கள் இருந்தார்கள். சென்ற மாதம் ஒரு காலையில் எழுந்து பார்த்தபோது என் கணக்கு முடக்கப்பட்டிருந்தது. விதிமீறல் என்று ஒரு வரி மட்டும் இருந்தது. எந்த விதி, எந்தப் பதிவு என்று எதுவும் இல்லை. மூன்று முறை முறையிட்டேன். மூன்று முறையும் அச்சில் வார்த்தது போன்ற ஒரே பதில், சில நொடிகளில் வந்தது. மனிதர் யாரும் படித்ததாகத் தெரியவில்லை. தீபாவளி நெருங்குகிறது. வாடிக்கையாளர்களின் பெயர்களும் எண்களும் பழைய ஆர்டர்களும் அந்தப் பக்கத்துக்குள்ளேயே இருந்தன.

என் கணவர், “இலவசமாகக் கொடுத்த கடையை அவனே எடுத்துக்கொண்டான், இதில் யாரிடம் போய் நியாயம் கேட்பாய்?” என்கிறார். எனக்கு மூன்று கேள்விகள். இந்த நிறுவனங்கள்தான் இந்தக் காலத்துத் தோட்டத் துரைகளா? நம் நாட்டவர், குறிப்பாக நம் தமிழர்கள், சொந்தமாக ஒரு செயலியை உருவாக்கிவிட்டால் இந்த அடிமைத்தனம் தீருமா? எந்நேரமும் கைப்பேசியிலேயே கிடக்கும் என் இரண்டு பிள்ளைகளை என்ன செய்வது? நாங்கள் சிறியவர்கள், எங்களால் என்ன செய்ய முடியும் என்றும் தோன்றுகிறது.

(பெயர் வேண்டாம் என்று கேட்டிருக்கும் ஒரு வாசகி)

அன்புள்ள சகோதரிக்கு,

உங்கள் முகவரியைப் பார்த்ததும் முதலில் சிரிப்பு வந்தது, பிறகு கோபம் வந்தது. உங்கள் தாமானிலிருந்து என் வீட்டுக்குப் பத்து நிமிட நடை. மாலையில் ஒரு பொட்டலம் முறுக்கோடு வந்து திண்ணையில் உட்கார்ந்து கேட்டிருக்கலாம். அதை விட்டுவிட்டு, எந்தக் கம்பெனிகளைப் பற்றிக் குறைப்பட்டு எழுதினீர்களோ அவற்றில் ஒன்றின் மின்னஞ்சல் வழியாகவே எனக்கு எழுதியிருக்கிறீர்கள். போகட்டும், நானும் அதில்தான் படித்தேன்.

உங்கள் கடிதத்துக்குப் பதில் எழுத உட்கார்ந்ததற்குக் காரணம் உங்கள் கேள்விகள் அல்ல. சென்ற மாதம் என் அம்மாவின் தகரப் பெட்டியைச் சுத்தம் செய்தபோது அடியில் மூன்று 555 புத்தகங்கள் கிடைத்தன. அன்றிலிருந்து அவற்றையே நினைத்துக்கொண்டிருக்கிறேன். “வாடிக்கையாளர்களின் பெயர்களும் எண்களும் அந்தப் பக்கத்துக்குள்ளேயே இருந்தன” என்ற உங்கள் வரியைப் படித்தபோது, அந்தப் புத்தகங்கள் என் மேசையின்மேல்தான் இருந்தன.

இளையவர்களுக்காகச் சொல்கிறேன். 555 என்பது உள்ளங்கை அளவுள்ள ஒரு குறிப்புப் புத்தகம். அட்டையில் 555 என்று அச்சிட்டிருக்கும். சம்பள நாள்வரை கடையில் கடனுக்கு வாங்கும் சாமான்களையெல்லாம் அதில் எழுதுவார்கள். மலாய்க்காரர், சீனர், தமிழர் என்று வேறுபாடில்லாமல் இந்த நாட்டில் கடன் வாங்கிச் சோறு உண்ட எல்லாக் குடும்பத்திலும் அது இருந்தது. எங்கள் தோட்டத்துக் கடையை நடத்தியவர் ஒரு சீனத் தவுக்கே. அவரிடம் ஒரு பெரிய பேரேடு இருக்கும். அம்மாவிடம் 555 இருக்கும். சாமான் வாங்கும்போது இரண்டிலும் எழுதவேண்டும் என்பது எழுதப்படாத சட்டம். அம்மாவுக்கு எழுதப் படிக்கத் தெரியாது. தவுக்கே சீனத்தில் எழுதிய ஒவ்வொரு வரிக்கும் பக்கத்தில் அம்மா தன் குறியைப் போட்டுவைப்பாள்: பால் டின்னுக்கு ஒரு வட்டம், அரிசிக்கு நெடுங்கோடு, மண்ணெண்ணெய்க்கு ஒரு சுழி, கருவாட்டுக்கு வாலோடு ஒரு மீன். அவர் எழுத்து சீனம், அவள் எழுத்து கோலம், இருவருக்கும் பொதுவாக இருந்தவை எண்கள் மட்டுமே.

1968ஆம் ஆண்டு, எனக்கு ஒன்பது வயது. சம்பள நாளன்று கூட்டிப் பார்த்தபோது தவுக்கேயின் பேரேட்டில் இரண்டு பால் டின்னும் எங்கள் புத்தகத்தில் ஒரு வட்டமும் இருந்தன. நான் பயந்து பேசாமல் நின்றேன். அம்மா என் முதுகில் கைவைத்து முன்னால் தள்ளி, “படி” என்றாள். படித்தேன். தவுக்கே இரண்டு புத்தகங்களையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து, கண்ணாடியை ஏற்றி இறக்கிப் பார்த்து, “சிலாப், தங்கச்சி” (தவறு, தங்கச்சி) என்று சொல்லி ஒரு வரியை அடித்தார். எனக்கு ஒரு புளிப்பு மிட்டாய் கிடைத்தது. அவர் வேண்டுமென்றே எழுதினாரா, கை தவறி எழுதினாரா என்று எனக்கு இன்றுவரை தெரியாது. அம்மா அதைப் பற்றிக் கவலைப்பட்டதும் இல்லை. இரண்டாவது புத்தகம் ஒன்று இருக்கும்வரை அவர் நல்லவரா கெட்டவரா என்று ஆராயவேண்டிய தேவையே அவளுக்கு எழவில்லை.

இதே அம்மா, காலையில் வெட்டிய ரப்பர்ப் பாலைக் காண்டா என்ற தோள்கம்பில் சுமந்து, பாலை அளந்து வாங்கும் ஸ்டோருக்குப் போய் நிற்கும்போது வேறொரு மனுஷியாக இருப்பாள். அங்கே இருந்தது ஒரே ஒரு புத்தகம். அது தோட்டத்துக் கணக்கரான கிராணியின் புத்தகம். பாலை எடை போடுவார்கள். அது எல்லோர் கண்ணுக்கும் தெரியும். ஆனால் கணக்கில் ஏறியது பாலின் எடையன்று, அதில் அடங்கியிருக்கும் உலர்ந்த ரப்பரின் எடை. நூறு ராத்தல் பாலில் முப்பது, முப்பத்தைந்து ராத்தல்தான் ரப்பர் தேறும். அதைக் கண்டுபிடிக்க, பாலில் கொஞ்சம் எடுத்துத் தண்ணீர் கலந்து மெட்ரோலாக் என்ற கருவியை மிதக்கவிடுவார்கள். ரப்பர் தண்ணீரைவிட இலேசானது என்பதால், பால் கெட்டியாக இருந்தால் கருவி ஆழமாக இறங்கும். தண்ணீர் கூடியிருந்தால் மேலே எழும்பி நிற்கும். கிராணி குனிந்து பார்ப்பார், ஓர் எண்ணை எழுதுவார். அம்மா எக்கிப் பார்ப்பாள், அவளுக்கு ஒன்றும் தெரியாது. மழைக்காலத்தில் எண் குறையும்போது மரம் குறைந்ததா, மழை குறைத்ததா, கிராணி குறைத்தாரா என்று சொல்ல யாராலும் முடியாது. பிற்காலத்தில் அவளுக்குச் சம்பளச் சீட்டு கொடுத்தார்கள். அதில் தொகை இருந்தது, அந்த எண் எப்படி வந்தது என்பது இல்லை. எங்கள் கிராணி நல்ல மனிதர் என்றே எல்லோரும் சொன்னார்கள். இருந்தாலும் கடையிலிருந்து திரும்பும்போது அம்மா கணக்கைப் பேசிக்கொண்டு வருவாள். ஸ்டோரிலிருந்து திரும்பும்போது விதியைப் பேசிக்கொண்டு வருவாள்.

இதற்கும் உங்கள் முறுக்குக்கும் என்ன தொடர்பு என்று கேட்கிறீர்களா? உங்கள் கடிதத்தில் “என் கணக்கு முடக்கப்பட்டது” என்று எழுதியிருக்கிறீர்கள். தமிழில் நாம் அந்தச் சொல்லை எவ்வளவு கூச்சமில்லாமல் எடுத்துக்கொண்டோம் பாருங்கள். அது உங்கள் கணக்கா? கணக்கு என்றால் கூட்டிப் பார்க்கவும், தவறென்றால் சுட்டிக்காட்டவும், ஒத்துவராவிட்டால் முகத்துக்கு நேரே நீட்டவும் முடியவேண்டும். உங்களைப் பற்றி அவர்கள் எழுதிவைத்திருக்கும் கணக்கு அது. தவுக்கேயின் சிரிப்பையும் புளிப்பு மிட்டாயையும் முன்வாசலில் வைத்துவிட்டு, உள்ளே ஸ்டோர் புத்தகத்தை நடத்துகிறார்கள். இவற்றின் பருமனையும் பணத்தையும் பார்த்து மலைக்கிறவர்களுக்கும், இவை நம் மூளையைக் கெடுக்கின்றன என்று புலம்புகிறவர்களுக்கும் நான் திரும்பத் திரும்பச் சொல்லும் ஒன்று இதுதான். என் நண்பர்கள் இதைக் கேட்டுக் கேட்டுச் சலித்துப்போய்விட்டார்கள்.

உங்கள் கணவர் “இலவசம்” என்கிறார். அவரிடம் இதைப் படித்துக் காட்டுங்கள். நாம் புலனம் என்று அழைக்கும் வாட்ஸ்அப்பை 2014ஆம் ஆண்டு முகநூல் நிறுவனம் 1,900 கோடி அமெரிக்க டாலர் விலை பேசி வாங்கியது. அப்போது அங்கே வேலை பார்த்தவர்கள் 55 பேர். பெரிய கட்டடமில்லை, விளம்பரமில்லை, வருமானம் என்று சொல்லத்தக்க ஒன்றுமில்லை. ஆனால் ஏறத்தாழ 45 கோடி மனிதர்கள் அதைப் பயன்படுத்திக்கொண்டிருந்தார்கள். யார் யாருடைய எண் யார் யாருடைய கைப்பேசியில் இருக்கிறது என்பது அந்தச் செயலிக்குத் தெரியும். செட்டித்தெருவில் வட்டிக்கடை வைத்திருந்த எவருக்கும் இந்த வியாபாரம் உடனே புரிந்திருக்கும்: வாங்கப்பட்டது பேரேடு. வாங்கும்போது ஐரோப்பிய ஆணையத்திடம், இரண்டு சேவைகளின் பயனர் கணக்குகளையும் தானியங்கி முறையில் நம்பகமாகப் பொருத்திப் பார்க்க முடியாது என்று சொன்னார்கள். 2016 ஆகஸ்டில் விதிகளை மாற்றி, தொலைபேசி எண்ணைக் கொண்டு பொருத்துவதற்கு வழி செய்தார்கள். அந்த வாய்ப்பு 2014லேயே இருந்தது, நிறுவனத்தினருக்கும் அது தெரிந்திருந்தது என்று கண்டறிந்த ஆணையம் 2017 மே மாதம் 11 கோடி யூரோ அபராதம் விதித்தது. பலசரக்குக் கடைக்காரரும் கள்ளுக்கடைக்காரரும் தங்கள் பேரேடுகளை ஒன்றாக வைத்துப் பார்க்கமாட்டோம் என்று சத்தியம் செய்துவிட்டு, இரண்டு ஆண்டில் ஒரே மேசையில் உட்கார்ந்த கதை அது. அதே நிறுவனம், இப்போது மெட்டா என்ற பெயரில், 2024ஆம் ஆண்டு ஈட்டிய வருமானம் 16,400 கோடி டாலருக்கு மேல். அதில் நூற்றுக்குத் தொண்ணூற்றேழு பங்குக்கு மேல் விளம்பரத்திலிருந்து வந்தது. இலவசமாகக் கொடுத்த கடையில் இவ்வளவு காசு எப்படிப் புரளும் என்று உங்கள் கணவர் ஒரு நாள் சாயங்காலம் உட்கார்ந்து யோசிக்கட்டும். அவரும் நாள் முழுவதும் பால் வெட்டிக் கொண்டுபோய் ஊற்றிக்கொண்டுதான் இருக்கிறார், காண்டா கண்ணுக்குத் தெரியவில்லை, அவ்வளவுதான்.

முதல் கேள்விக்கு வருகிறேன். இவர்கள்தான் இந்தக் காலத்துத் துரைகளா என்று கேட்கிறீர்கள். இந்த உவமையைக் கடந்த பத்து ஆண்டுகளில் குறைந்தது ஐம்பது மேடைகளில் கேட்டிருக்கிறேன், கைதட்டலும் கேட்டிருக்கிறேன். எனக்கு அது பிடிப்பதில்லை. துரைக்கு முகம் இருந்தது, மேட்டில் பங்களா இருந்தது, மாலையில் நாயைக் கூட்டிக்கொண்டு நடக்கும் நேரம்கூடத் தெரிந்திருந்தது. 1941ஆம் ஆண்டு கிள்ளான் வட்டாரத் தோட்டங்களில் நடந்த வேலைநிறுத்தத்தின் கோரிக்கைகளைப் படித்துப் பாருங்கள். கூலி உயர்வு, கள்ளுக்கடை மூடல் ஆகியவற்றோடு, வெள்ளைக்காரரையும் மற்ற அதிகாரிகளையும் எதிரில் கண்டால் சைக்கிளை விட்டு இறங்கவேண்டும் என்ற வழக்கத்தை ஒழிக்கவேண்டும் என்பதும் ஒன்று. உறவினரும் நண்பர்களும் தோட்டத்துக்குள் தடையின்றி வந்துபோகவேண்டும் என்பது இன்னொன்று. யாரைக் கண்டு இறங்குகிறோம் என்று தெரிந்ததால்தான் இறங்கமாட்டோம் என்று சொல்ல முடிந்தது. 1954இல் தேசியத் தோட்டத் தொழிலாளர் சங்கம் உருவானபோது அதன் சார்பில் பி. பி. நாராயணன் போய் உட்கார்ந்து பேச ஒரு மேசை இருந்தது, மேசைக்கு மறுபுறம் ஆட்கள் இருந்தார்கள். நீங்கள் மூன்று முறை முறையிட்டது எந்த மேசையில்? ஆகவே துரைகளை இதில் இழுக்காதீர்கள். தோட்டத்திலிருந்து உவமை வேண்டுமென்றால் மெட்ரோலாக்கை எடுத்துக்கொள்ளுங்கள்.

இரண்டாவது கேள்வி, நம்மவர் செயலி. 1981 செப்டம்பர் 7ஆம் தேதி, லண்டன் பங்குச் சந்தை திறந்து நான்கு மணி நேரத்துக்குள், நம் நாட்டின் முதலீட்டு நிறுவனமான பெர்மோடாலான் நேஷனல், கத்ரி என்ற பிரிட்டிஷ் தோட்ட நிறுவனத்தின் பெரும்பான்மைப் பங்குகளைக் கைப்பற்றியது. கத்ரியின் தோட்டங்கள் அன்று வெள்ளையர் கையிலிருந்து மலேசியர் கைக்கு வந்தன. அது பெருமைக்குரிய செயல். அப்போது எனக்கு இருபத்திரண்டு வயது, நானும் துள்ளிக் குதித்தேன். நாளிதழை வாங்கிவந்து அம்மாவுக்கு உரக்கப் படித்துக் காட்டினேன். எங்கள் தோட்டம் கத்ரியுடையது அல்ல, இருந்தாலும் அவள் முழுவதும் கேட்டாள். கேட்டுவிட்டு, “அங்கே இனி பாலை அளக்கிறது யார்?” என்றாள். எனக்குப் பதில் தெரியவில்லை. செயலியை அமெரிக்கர் நடத்தினாலும், சீனர் நடத்தினாலும், கோலாலம்பூர் பிரிக்பீல்ட்ஸில் அலுவலகம் வைத்து நம் பிள்ளைகளே நடத்தினாலும் நான் கேட்கப்போவது அதையேதான். நம்மவர் என்பதற்காக ஒற்றைப் புத்தகத்தை ஏற்கச் சொன்னால், மன்னிக்கவேண்டும், என்னால் முடியாது.

இதைச் சொல்வதால் நம்மவர்களின் ஆற்றலைக் குறைத்துப் பேசுவதாக எண்ணவேண்டாம். இன்று உங்கள் கைப்பேசியில் தமிழ் எழுத முடிகிறது என்றால் அதற்கு உழைத்தவர்களில் முதன்மையானவர் இந்த நாட்டுத் தமிழர். முரசு அஞ்சலையும் செல்லினத்தையும் தந்த முத்து நெடுமாறன். நம் ஊரையே எடுத்துக்கொள்ளுங்கள். வெள்ளையர் தோட்டங்களைத் துண்டாடி விற்றுக்கொண்டிருந்தபோது, தொழிலாளரின் சில்லறைப் பணத்தைச் சேர்த்துத் தோட்டத்தையே வாங்கலாம் என்று 1960இல் தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கத்தைத் தொடங்கிய வீ. தி. சம்பந்தன் சுங்கை சிப்புட்காரர். அதில் என்னைக் கவர்ந்தது நம்மவர் வாங்கினார் என்பதைவிட, பால் வெட்டியவரின் பெயர் உறுப்பினர் பதிவேட்டில் உடைமைக்காரர் பகுதியில் ஏறியது என்பதுதான். அப்படி ஒரு செயலியை யாராவது உருவாக்கினால் சொல்லுங்கள், நானும் சந்தா கட்டுகிறேன்.

அரசாங்கம் ஏதாவது செய்யாதா என்று நீங்கள் கேட்கவில்லை, ஆனால் கேட்கும் வாசகர்கள் இருக்கிறார்கள். 2025 ஜனவரி 1 முதல், இந்நாட்டில் 80 லட்சமும் அதற்கு மேலும் பயனர்களைக் கொண்ட சமூக வலைத்தளங்களும் செய்தி பரிமாறும் செயலிகளும் உரிமம் பெறவேண்டும் என்று விதித்தார்கள். நல்லது. உங்கள் பக்கத்தை அது மீட்டுத் தராது.

மாறாக, ஆஸ்திரியாவில் ஒரு சட்ட மாணவர் செய்ததைக் கேளுங்கள். 2011ஆம் ஆண்டு மாக்ஸ் ஷ்ரெம்ஸ் என்ற அந்த இளைஞர், என்னைப் பற்றி நீங்கள் வைத்திருக்கும் எல்லாவற்றையும் கொடுங்கள் என்று ஐரோப்பியச் சட்டப்படி முகநூலிடம் கேட்டார். அவர்கள் அனுப்பியது 1,222 பக்கங்கள். தான் அழித்துவிட்டதாக நினைத்த செய்திகளும் அதில் இருப்பதை அவர் கண்டார். அவர் தொடுத்த வழக்கின் விளைவாக, ஐரோப்பியரின் தரவுகளை அமெரிக்காவுக்குக் கொண்டுசெல்ல அனுமதித்த ஏற்பாட்டையே ஐரோப்பிய நீதிமன்றம் 2015இல் செல்லாததாக்கியது. ஒன்பது வயதில் தவுக்கேயின் மேசை முன்னால் நின்றபோது என் முழங்கால் நடுங்கியது எனக்கு நினைவிருக்கிறது. அந்த இளைஞரைப் பற்றிப் படிக்கும்போதெல்லாம் அவர் முதுகிலும் யாரோ கைவைத்துத் தள்ளியிருக்கவேண்டும் என்று எண்ணிக்கொள்வேன்.

நம் நாட்டிலும் கேட்க வழியுண்டு. 2010ஆம் ஆண்டின் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் 2013 நவம்பர் 15 முதல் நடப்பில் இருக்கிறது. வணிக நோக்கில் நம் விவரங்களை வைத்திருப்பவரிடம் அதைக் காட்டு, தவறிருந்தால் திருத்து என்று கேட்கும் உரிமையை அது தருகிறது. 2024இல் செய்த திருத்தத்தின்படி, தொழில்நுட்பம் இடம் கொடுத்தால் நம் விவரங்களை ஓரிடத்திலிருந்து வேறோரிடத்துக்கு மாற்றித் தரும்படி கேட்கும் உரிமையும் 2025 ஜூன் 1 முதல் சேர்ந்திருக்கிறது. கடல் கடந்த நிறுவனத்தின்மேல் அது எவ்வளவு தூரம் பாயும் என்பதை வழக்கறிஞரிடம் கேளுங்கள். ஆனால் கேட்டிருக்கிறோமா நாம்? பெரிய தளங்கள் பெரும்பாலானவற்றில் உங்கள் விவரங்களைப் பதிவிறக்கிக்கொள்ள ஒரு பொத்தான் இருக்கிறது. ஆறு ஆண்டுகளில் ஒரு முறையாவது அதை அழுத்தினீர்களா?

நான் அழுத்தினேன், என் பேரன் துணையோடு. எந்தத் தளம் என்று சொல்லப்போவதில்லை. நான் எழுதியவை, போட்ட படங்கள், நண்பர்களின் பெயர்கள் எல்லாம் வரிசையாக வந்தன. எனக்கு எவற்றில் ஆர்வம் என்று ஒரு பட்டியலும் வந்தது. அதில் மீன்பிடித்தலும் குழந்தைகளுக்கான உடைகளும் இருந்தன. நான் வாழ்நாளில் தூண்டிலைத் தொட்டவனல்லன். பேரன் விழுந்து விழுந்து சிரித்தான். எனக்குச் சிரிப்பு வரவில்லை, ஏனென்றால் அந்தக் கோப்பு முழுவதும் கடைச் சாமான் பட்டியல்தான். நான் எழுதும் கட்டுரையை முப்பது பேருக்குக் காட்டுவதா மூவாயிரம் பேருக்குக் காட்டுவதா என்று முடிவு செய்யும் அந்த அளவுகோல் எங்கும் இல்லை. 555ஐத் தருகிறார்கள், மெட்ரோலாக்கைத் தருவதில்லை. இருந்தாலும், 555ஆவது கையில் இருக்கட்டும் என்பேன்.

இப்போது உங்களைத் திட்டவேண்டியிருக்கிறது, பொறுத்துக்கொள்ளுங்கள். ஆறு ஆண்டுகள் வியாபாரம் செய்த ஒரு பெண், தன் வாடிக்கையாளர்களின் பெயரையும் எண்ணையும் ஒரு நோட்டுப் புத்தகத்தில் எழுதிவைக்கவில்லை என்பதை என்னால் மன்னிக்க முடியவில்லை. எழுதப் படிக்கத் தெரியாத என் அம்மா கருவாட்டுக்கு மீன் வரைந்து வைத்தாள். நீங்கள் படித்தவர், உங்கள் கடிதத்தில் ஓர் எழுத்துப்பிழைகூட இல்லை. தைப்பிங்கில் யார் அதிரசம் கேட்பார், பினாங்கில் யாருக்கு எண்ணெய் குறைவாக வேண்டும் என்பதெல்லாம் உங்கள் உழைப்பால் சேர்ந்த சொத்து. அந்தச் சொத்தை எவன் வீட்டுப் பெட்டியிலோ போட்டுவிட்டுச் சாவியையும் அவனிடமே கொடுத்துவிட்டு, “நாங்கள் சிறியவர்கள்” என்று எனக்குக் கடிதம் எழுதுகிறீர்கள். சிறியவர்கள்தாம் கணக்கு எழுதவேண்டும். பெரியவர்களுக்குக் கணக்குப்பிள்ளை இருக்கிறான்.

இந்தக் கோபத்தில் பாதி என்மேல் எனக்குள்ள கோபம் என்பதையும் சொல்லிவிடுகிறேன். 2021ஆம் ஆண்டு, மாநிலம் விட்டு மாநிலம் போகத் தடையிருந்த பெருந்தொற்றுக் காலத்தில், என் பெரியப்பா ஓர் இரவு நடுநிசியில் இறந்துபோனார். தோட்டத்தில் இருந்த காலத்தில் சாவு சொல்ல என்றே இரண்டு பேர் சைக்கிளில் புறப்படுவார்கள். யார் யாருக்குச் சொல்லவேண்டும், எந்த வரிசையில் சொல்லவேண்டும் என்பது அவர்களுக்கு மனப்பாடம். பட்டணத்துக்கு வந்த பிறகு அதை நாளிதழ் செய்தது. 1924இல் தொடங்கி 2019 பிப்ரவரியில் நின்றுபோன தமிழ் நேசனின் இரங்கல் பக்கத்தைப் பகாவில் பார்த்தவரும் கூலிமில் பார்த்தவரும் பார்த்தது ஒரே பக்கம். ஒருவருக்குக் காட்டி ஒருவருக்கு மறைத்த பக்கம் அன்று. பெரியப்பா இறந்த இரவில் நான் செய்ததெல்லாம், அறுபது பேர் இருக்கும் குடும்பக் குழுவில் நான்கு வரி தட்டிவிட்டதுதான். செய்தி போகவில்லை. பக்கத்தில் ஒரு சிறு கடிகாரக் குறி நின்றுகொண்டே இருந்தது. வீட்டு இணையம்தான் கெட்டுவிட்டது என்று பெட்டியை அணைத்து அணைத்துப் போட்டேன். அன்று விடியும்வரை அந்தச் செயலி உலகம் முழுவதும் நின்றிருந்தது என்பது காலையில்தான் தெரிந்தது. போலீஸ் அனுமதி வாங்கிக்கொண்டு கெடாவிலிருந்தும் நெகிரி செம்பிலானிலிருந்தும் வரவேண்டியவர்களுக்கு ஒவ்வொரு மணி நேரமும் பெரிது.

அக்காதான் அலமாரியிலிருந்து ஒரு பழைய நாட்குறிப்பை எடுத்துவந்தாள். அத்தை எழுதிவைத்தது. பெயருக்குப் பதிலாக உறவும் இடமும் இருந்தன: பகாவ் சின்னம்மா, கூலிம் மாமா வீடு, தெலுக் இந்தான் சம்பந்தி. பாதி எண்கள் செத்துப்போயிருந்தன, வீட்டுத் தொலைபேசிகளே இப்போது ஏது? மீதியில் ஒவ்வொருவராகக் கூப்பிட்டோம், கூப்பிட்டவர்கள் அடுத்தவருக்குச் சொன்னார்கள். விடிவதற்குள் முக்கால்வாசிப் பேருக்குச் சேர்ந்துவிட்டது. கூலிம் மாமா மட்டும் தூக்கக் கலக்கத்தில், “இதைக் குழுவில் போட்டிருக்கலாமே” என்றார். தகவலில்லாமல் போன ஒருவர் உண்டு, பெரியப்பாவின் பால்ய நண்பர். அவர் எண் எந்தப் புத்தகத்திலும் இல்லை, என் கைப்பேசியிலும் வெறும் படமும் பெயருமாக அந்தக் குழுவுக்குள் மட்டுமே இருந்தார். அடக்கம் முடிந்து மறுநாள் வந்து வாசலில் நின்றார். அவர் என்னை ஒன்றும் கேட்கவில்லை.

ஆகவே நாளைக்கே பத்துக் காசுக்கோ ஒரு வெள்ளிக்கோ ஒரு புத்தகம் வாங்குங்கள். நம் ஊர்ப் புத்தகக் கடையில் 555 இன்னும் கிடைக்கிறது, நான் விசாரித்துவிட்டேன். நினைவிலிருக்கும் வாடிக்கையாளர் ஒவ்வொருவராக எழுதுங்கள். பத்துப் பேர் நினைவுக்கு வந்தால் அந்தப் பத்துப் பேரும் இன்னும் முப்பது பேரைச் சொல்வார்கள். பிறகு வேறொரு தளத்தில் பக்கம் தொடங்குவதானால் தொடங்குங்கள், நான் துறவு பூணச் சொல்லவில்லை; கடைவீதி அங்கேதான் இருக்கிறது என்றால் அங்கேதான் கடை போடவேண்டும். மாதம் ஒரு முறை பதிவிறக்கப் பொத்தானை அழுத்துங்கள்.

பிள்ளைகளைப் பற்றிக் கேட்டிருந்தீர்கள். இடம் போதவில்லை. இப்போதைக்கு, வாடிக்கையாளர் பட்டியலை எழுதும் வேலையை அவர்களிடமே கொடுங்கள். பெரியவன் கையெழுத்து நன்றாக இருக்கும் என்று பள்ளியில் கேள்விப்பட்டேன்.

முதல் பக்கத்தில் என் பெயரை எழுதிக்கொள்ளலாம். தீபாவளிக்கு இரண்டு டின் அச்சு முறுக்கு, ஒரு டின் நெய் உருண்டை. பணத்தைக் கையில் தருகிறேன், கடன் வேண்டாம்.

அன்புடன்,
உங்கள் பக்கத்துத் தெருக்காரன்